நெற்பறவையின் கண்

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரிடம் எதையும் "சும்மா பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைத்துவிட்டுப் போகக் கூடாது. அவருக்குச் சும்மா பார்க்கத் தெரியாது.

என் மருமகள் வதனி சித்திரம் படிப்பிப்பவள். மட்டக்களப்பு நகருக்குள், வாவியோரம் குப்பை நிறைந்து கிடந்த காணியைத் துப்புரவாக்கி, நெற்பயிராலேயே ஒரு கூழைக்கடாவை வரைந்திருந்தாள். பச்சைப் பயிருக்கு நடுவே ஊதா இலை நெல்லால் கோடுகள். பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறினால்தான் பறவை தெரியும். அவளுடைய முதல் பெரிய படைப்பு. மறுநாள் மாலை ஊரே பார்க்க வர இருந்தது.

அழைப்பு வேலையாக அவள் வெளியே போனதால் காவல் எனக்கு. (மாடு வந்தால் துரத்த வேண்டும். அவ்வளவுதான்.)

மாடு வரவில்லை. நான் வயலுக்குள் இறங்கினேன்.

கோடாக நின்ற ஊதாப் பயிர் படம் என்று தெரியும். ஓரிடத்தில் வட்டமாகக் கும்பலாய் நின்றதுதான் என்னை உறுத்தியது. மண்டூரில் எங்கள் வயல் வட்டையில், விதைநெல் வயலுக்குள் வேறினப் பயிர் தலைகாட்டினால் குடும்பத்தையே பழிப்பார்கள். மருமகளின் மானம் காக்க வேட்டியை மடித்துக் கட்டினேன். (அந்த மண்டூர் வயலைக் குத்தகைக்கு விட்டவன் நான். சேறு என் காலில் பட்டதே இல்லை.)

வதனி வந்ததும் பெருமையாகச் சொன்னேன்: "கலப்பு நெல் நிண்டிச்சி புள்ள. ஒண்டு விடாமப் புடுங்கிட்டன்."

அவள் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கி வந்தாள்.

"மாமா, அது கண்."

திரும்ப நட்டோம். காலையில் எல்லாம் துவண்டு கிடந்தன. என் மனைவி கமலம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். வதனிதான் என் பெரிய கறுப்புக் குடையை எடுத்து நீட்டினாள். "இத விரிச்சிப் புடிச்சிக்கிட்டு அந்த வட்டத்துக்குள்ள நில்லுங்க. அசையப்படா மாமா."

மாலையில் மாடி நிறையச் சனம். நான் கணுக்கால் சேற்றில், குடைக்கடியில், கண்ணாக நின்றேன். அட்டை ஒன்று காலில் ஏறியது. பொறுத்தேன். இரண்டாவது ஏறியதும் துள்ளினேன். மேலே ஒரே சிரிப்பு, கைதட்டல். கூழைக்கடா கண்ணை உருட்டியதாம். இன்னொருமுறை உருட்டச் சொல்லியும் கேட்டார்கள்.

கண்ணைப் பற்றி விசாரித்தவர்களிடம், அது மாமாவின் வேலை என்றாள் வதனி. பொய்யில்லை. அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. என்னைத் தலைகுனிய வைக்க எல்லா உரிமையும் இருந்தும், அவள் எனக்குத் தன் படத்துக்குள் ஓர் இடம் தந்தாள். அந்த நன்றியை நேரில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கமலம் அப்படி விடுவாளா? போன மாதம் கல்லடியில் ஒரு கல்யாணம். குடும்பப் படம் எடுப்பவர் எல்லோரையும் சிரிக்கச் சொன்ன நேரத்தில், சபைக்கே கேட்கும்படி சொன்னாள்: "காலடியக் கவனிங்க, அட்டை கிட்டை இரிக்கும்."

படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.