பச்சை என்றதெல்லாம் நீலம்

ஒரு பாடசாலையின் வெற்றிக் கோப்பையைப் பட்டப்பகலில், ஊரே பார்த்திருக்க, வென்றவர்களிடமிருந்து பறித்துத் தோற்றவர்களிடம் கொடுத்தவள் நான். யாரையும் மிரட்டவில்லை. ஒரு பிளொப்பித் தட்டுடன் போனேன், அதுவே போதுமாயிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. கொழும்பில் ஆறு மாதம் புரோகிராமிங் படித்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்பியிருந்தேன். ஊரில் கொம்பியூட்டர் வைத்திருந்தவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களை எண்ண ஒரு விரல் போதும் என்பது என் கணிப்பு. (அந்த விரல் எப்போதும் என்னை நோக்கியே நீண்டது.)

நான் படித்த பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. மாணவர்கள் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று இல்லங்களாகப் பிரிந்திருப்பார்கள். பச்சை இல்லம் வருடா வருடம் கோப்பையைத் தூக்கும். நீல இல்லம் வருடா வருடம் கைதட்டும். ஒவ்வொரு போட்டி முடிவிலும் புள்ளிகளைக் கரும்பலகையில் எழுதுவதுதான் வழக்கம். நானாகப் போய்ப் பாடசாலை அதிபரின் முன்னால் நின்றேன்.

"சேர், இந்தக் காலத்துலயும் சோக்கால எழுதிக்கொண்டிருக்கிறதா? நான் ஒரு புரோகிராம் செஞ்சு தாறன். புள்ளியப் போட்டா அதுவே கூட்டி, இல்லத்துட நிறத்துலயே பெரிசாக் காட்டும்."

"பிழ கிழ வருமா புள்ள?"

"கொம்பியூட்டர் பிழ விடாது சேர்."

இந்த வசனத்தை அதற்குப் பிறகு நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

விசுவல் பேசிக்கில் திரையில் மூன்று பெரிய பெட்டிகளை வரைந்தேன். பெட்டிக்கு நிறம் கொடுக்கப் போனால் அங்கே இரண்டு வழி இருந்தது. ஒன்று, சின்னச் சின்னக் கட்டங்களாகச் சாயங்கள். பிடித்ததைத் தொட்டு எடுக்கலாம். மற்றது ஒரு பட்டியல். அதில் நிறத்தின் பெயரே இராது. 'டெஸ்க்டொப்', 'தலைப்புப் பட்டை' என்று திரையின் பாகங்களின் பெயர்கள்தான் இருக்கும். புரோகிராம் ஓடும் கொம்பியூட்டரில் அந்தப் பாகத்துக்கு என்ன நிறமோ, அதையே பெட்டியும் எடுத்துக்கொள்ளும். நல்ல புரோகிராமர் தன் இஷ்டத்துக்குச் சாயம் பூசமாட்டார், கொம்பியூட்டரின் நிறங்களையே மதித்து எடுப்பார் என்று எங்களுக்குப் படிப்பித்த சேர் சொல்லியிருந்தார். ஏன் என்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்து நான் டிபன் பெட்டியைத் திறந்திருக்க வேண்டும்.

என் கொம்பியூட்டரில், எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கும் டெஸ்க்டொப் பச்சை. (கொஞ்சம் நீலம் கலந்த பச்சைதான். இருந்தாலும் கல்யாண வீட்டில் பச்சைப் புடவை என்று சொல்லி உடுத்திப் போகலாம்.) உச்சியில் நிற்கும் தலைப்புப் பட்டை கடும் நீலம். சுட்டியை எதன் மேலாவது வைத்தால் எட்டிப் பார்க்கும் சின்னக் குறிப்பு மஞ்சள். மூன்று இல்லமும் பட்டியலிலேயே கிடைத்துவிட்டன! முதலாம் பெட்டிக்கு டெஸ்க்டொப், இரண்டாவதுக்குத் தலைப்புப் பட்டை, மூன்றாவதுக்குக் குறிப்பு. இல்லங்களின் பெயரையும் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவை நம்பி ஒரு திரையை இன்னொரு கொம்பியூட்டருக்குக் கொண்டுபோனால், 'பச்சை' என்று எழுதியது அங்கே 'gr;ir' என்ற மாதிரி எதுவோ ஆகிவிடும். பெயர் எதற்கு, நிறமே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேசியது.

போட்டியன்று பாடசாலை அலுவலகக் கொம்பியூட்டரைத் தூக்கிவந்து மைதானத்துப் பந்தலில் வைத்தார்கள். பிளொப்பியைப் போட்டு ஓடவிட்டேன். திரை முழுவதும் மூன்று பெட்டிகள். பச்சை, நீலம், மஞ்சள், மூன்றும் பளிச்சென்று இருந்தன. எது எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்க்க எனக்கு நேரமில்லை. பிரதம அதிதி என்னைப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரையை அவர் பக்கமும் அறிவிப்பாளர் கபூர் சேரின் பக்கமும் திருப்பிவிட்டு, நான் பின்னால் உட்கார்ந்து புள்ளிகளைத் தட்டினேன். பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு, மஞ்சளுக்கு மூன்று என்று இலக்கம் கொடுத்துத்தான் தட்டுவது. கபூர் சேர் திரையில் தெரிந்த நிறத்தைப் பார்த்து ஒலிபெருக்கியில் வாசித்தார்.

பச்சை முன்னணி என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. பச்சை எப்போதும் முன்னணிதானே. நீல இல்லத்துப் பிள்ளைகள் இருந்த கொட்டிலிலிருந்து மட்டும் ஒரு முணுமுணுப்பு வந்தது. "நாங்கதான் இண்டைக்குக் கூடுதலா வெண்ட டீச்சர்" என்று இரண்டு பிள்ளைகள் வந்து சொன்னார்கள். நான் இரக்கத்தோடு புன்னகைத்தேன்.

கடைசிப் போட்டி, ஒருவர் மாறி ஒருவர் ஓடும் அஞ்சலோட்டம். நீலம் முதலாவதாக வந்தது. அறிவிப்பு ஒலித்தது: "பச்சை இல்லம் நூற்று நாற்பத்தொன்று! நீல இல்லம் நூற்று இருபத்தாறு! மஞ்சள் இல்லம் நூற்றுப் பதினான்கு!" பிரதம அதிதி பச்சையின் தலைவனிடம் கோப்பையைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். பச்சை இல்லத்துப் பிள்ளைகள் கோப்பையோடு வாசலைத் தாண்டி பிரதான வீதிக்கே ஊர்வலமாகப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கையில் பணிஸ் ரொட்டி சுற்றிய கடதாசி. அஞ்சலோட்டத்தில் நீலத்துக்காக ஓடிய ஒருவனின் தாய்.

"மகள், அஞ்சலோட்டத்துல முதலா வந்தா எத்தின புள்ளி?"

"பத்து மாமி." (எங்கள் பக்கம் அந்த வயதுப் பெண்கள் எல்லாரும் மாமிதான்.)

"கடைசியா வந்தா?"

"நாலு."

கடதாசியை விரித்தார். பேனையால் இலக்கங்கள் எழுதியிருந்தன. "ஓட முந்தி நீலம் நூத்தி இருவத்திரெண்டு எண்டு வாசிச்ச. ஓடினத்துக்குப் பொறகு நூத்தி இருவத்தாறு. எங்கட புள்ளயள் முதலா வந்தத ஊரே கண்ட. அப்ப எங்களுக்கு நாலு. கடைசியா வந்த பச்சைக்குப் பத்து. இது என்ன கணக்கு மகள்?"

"கொம்பியூட்டர்…" என்று தொடங்கிய வசனத்தைப் பாதியில் விட்டேன். திரையை என் பக்கம் திருப்பினேன். நீலத்தின் இலக்கமான இரண்டைத் தட்டி, ஒரு புள்ளி கூட்டிப் பார்த்தேன்.

பச்சைப் பெட்டியில் புள்ளி ஏறியது.

பிளொப்பியை விழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். அளவு கொஞ்சம் பெரிது. மயங்கி விழலாமா என்றும் யோசித்தேன். விழுந்தால் தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடியும் கணக்குத்தான் கேட்பார்கள். புரோகிராமைச் சுருக்கிப் பின்னால் பார்த்தேன். டெஸ்க்டொப் நீலமாக இருந்தது. தலைப்புப் பட்டை பச்சையாக இருந்தது.

"இந்தக் கொம்பியூட்டர்ட நிறத்த ஆர் மாத்தின?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டேன்.

"நான்தான்" என்றார் பீ.டீ. சேர். பச்சை இல்லத்தின் பொறுப்பாசிரியர். தொப்பியும் பச்சை, விசில் கயிறும் பச்சை. "ஒவ்வொரு நாளும் நீலம் தலையில ஏறி நிக்கிது, பச்ச கீழ கெடக்கு. எனக்குப் பொறுக்கல்ல. போன கெழம ரெண்டயும் மாத்தி உட்டன். என்ன பிழ அதுல?"

அதில் பிழையே இல்லை. பிழை என்னுடையது. தன் கொம்பியூட்டருக்கு விருப்பமான நிறம் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. அந்த நிறத்தை நம்பி ஓர் இல்லத்தின் கோப்பையைக் கட்டிவைத்தது நான். நடந்து போய் அதிபரிடம் சொன்னேன். பந்தலுக்கும் அவர் கதிரைக்கும் பத்தடிதான். அவ்வளவு நீளமான பத்தடியை நான் பிறகு நடந்ததில்லை.

"சேர், பிழ என்னுடயது. நீலம்தான் வெண்டிரிக்கி."

அதிபர் என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு கபூர் சேரின் காதில் ஏதோ சொன்னார். கபூர் சேர் தமிழாசிரியர். எந்த நிலையிலும் இலக்கணம் வழுவாதவர்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, ஒரு சிறு திருத்தம். காலையிலிருந்து நாம் பச்சை என்று சொன்னதெல்லாம் நீலம். நீலம் என்று சொன்னதெல்லாம் பச்சை. மஞ்சள் மாத்திரம் மஞ்சள்."

நீலக் கொட்டில் ஆர்ப்பரித்தது. பிறகு கொட்டிலே சாய்ந்தது. (உண்மையாகவே சாய்ந்தது. ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் குதித்தால் வேறென்ன நடக்கும்?) ஊர்வலம் போன கோப்பையைத் திருப்பிக் கொண்டுவர பீ.டீ. சேரையே அனுப்பினார்கள். சந்தைச் சந்தி வரை ஓடிப் பிடித்தாராம். அன்று மைதானத்துக்கு வெளியே நடந்த சிறந்த ஓட்டம் அதுதான். வாகனத்தில் ஏறிவிட்ட பிரதம அதிதியையும் இறக்கிக் கூட்டிவந்தார்கள். கோப்பையை இரண்டாம் முறை நீட்டும்போது, "இந்த முற சரியான புள்ளயள்தானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் மேசைக்குக் கீழே வயர் கழற்றுவது போல ஒளிந்திருந்தேன். கடதாசிக்காரத் தாய் குனிந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடினேன்.

"வெளிய வா மகள். பிழ ஆருக்கும் வரும். மறைக்காமச் சொன்ன பாரு, அது எல்லாருக்கும் வராது. இந்தா, பணிஸ் திண்டியா?"

அழுதுகொண்டே தின்றேன்.

மூன்று மாதம் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், தன் மூத்த மகனுக்குப் பெண் கேட்டு. "கணக்கு எங்கட ஊட்டுல நாங்க பாத்துக்குவம்" என்று உம்மாவிடம் உறுதி கொடுத்தாராம். இப்போது எனக்கு அவர் சொந்த மாமி.

பெருநாளுக்குப் புடவை எடுக்க எங்களோடு அவரும் வருவார். எனக்கு ஒன்று பிடித்துப்போய்க் கையில் எடுத்தால் போதும். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கடைக்காரரிடம் கேட்பார்:

"தம்பி, இந்த நிறம் உங்கட கடையில மட்டுமா, எங்கட ஊட்டுக்குக் கொண்டு போனாலும் இதே நிறந்தானா?"

கடைக்காரர் விழிப்பார். என் கணவரும் பிள்ளைகளும் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் மட்டும் பர்ஸைத் திறந்து, இல்லாத எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருப்பேன்.