ஏகாம்பரத்தின் மதமும் மாலை நேர மாத்திரையும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்த பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், ஏகாம்பரம் என்றொரு ஆண் யானை இருந்தார். 'இருந்தது' என்று எழுத எனக்கும் தெரியும். ஆனால் அந்த உடம்பை நேரில் பார்த்த எவருக்கும் அப்படிச் சொல்ல வாய் வராது.

யானை தழை தின்கிற பிராணி, அதற்கு எங்கிருந்து கொழுப்பு வந்தது என்று கேட்பீர்கள். தழை தின்றால்தானே? காலையில் காட்டோரக் கோயிலில் நெய் மிதக்கும் பொங்கல். மத்தியானம் டீக்கடையில் மிஞ்சிய வடை. சாயங்காலம், சுற்றுலா வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் அப்படியே போட்டுவிட்டு ஓடும் நெய்ச்சோறு. கடைசியில் மேட்டில் நாலு அடி வைத்தால் புஸ்ஸு புஸ்ஸு என்று மூச்சு வாங்கியது. மனைவி செண்பகவல்லி அவரைக் கொக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் பிறவியிலேயே வெள்ளைக் கோட்டுக்காரர். அவரிடம் ரத்தம் எடுக்கிற வேலை ஒரு கொசுவுக்கு. டெஸ்ட் முடிவு வந்ததும் டாக்டர் ஒற்றைக் காலில் நின்றபடி படித்தார்.

"கெட்ட கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமா இருக்கு. வடையை விடுங்க. தினம் சாயங்காலம் ஒரு மாத்திரை. நான் சொல்லாம நிறுத்தக் கூடாது."

செண்பகவல்லி மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். வடையும் நின்றது. ஏகாம்பரம் மேட்டில் குட்டி மாதிரி ஏறினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நரி சற்குணம் அனுப்பிய குரல் செய்தி வரும்வரை. சற்குணம் 'காட்டு நலம்' என்ற வாட்ஸ்அப் குழுவின் அட்மின். அவன் மருத்துவம் படித்ததில்லை. அதனால் சந்தேகமே இல்லாமல் பேசுவான்.

"உறவுகளே, கொலஸ்ட்ரால் மாத்திரை போடுற ஆம்பளைங்க உஷார்! ஹார்மோன் மொத்தமும் வடிஞ்சிடும். சிங்கம் பூனையாயிடும். அனைவருக்கும் பகிரவும்."

ஏகாம்பரம் தும்பிக்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வறண்டு கிடந்தது. அவருக்குப் பகீரென்றது.

ஏன் பகீரென்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆண் யானைக்கு வருஷத்தில் ஒரு தடவை மதம் பிடிக்கும். ஹார்மோன் எகிறி, கன்னத்தில் மதநீர் வழியும். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தை பிறக்கும் அன்று எந்த ஆண் யானையின் கன்னத்தில் மதநீர் வழிகிறதோ, அந்த யானையின் கூட்டத்துக்குத்தான் அந்தக் கோடை முழுக்க ஆற்று மடு. மற்றக் கூட்டம் கீழே போய்ச் சேற்றுத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதுவரை மடு ஏகாம்பரத்தின் கையை விட்டுப் போனதே இல்லை. இந்த வருஷம் மார்கழி முடியப் போகிறது, கன்னத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அக்கரையில் மாசிலாமணி என்ற வாலிப யானைக்கு இப்போதே வழிகிறதாம். செண்பகவல்லியும் குட்டிகளும் கோடையெல்லாம் சேறு குடிப்பதை நினைத்தால் ஏகாம்பரத்துக்கு அழுகையே வந்தது.

டாக்டரிடம் ஓடினார்.

"டாக்டர், மாத்திரை என் மதத்தைத் தின்னுடுச்சா?"

"உட்காருங்க. வேண்டாம், நில்லுங்க, அது புது பெஞ்சு. ஹார்மோன் செய்யறதுக்கு உடம்புக்குக் கொலஸ்ட்ரால்தான் மூலப்பொருள். மாத்திரை அதைக் குறைக்குது. அதனால ஹார்மோனும் கொஞ்சம் குறையலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. குறைஞ்சாலும் பெரும்பாலும் சாதாரண அளவுக்குள்ளதான் இருக்கும்னு சொல்லுது. வேற சில ஆராய்ச்சி, ஒண்ணுமே குறையலைங்குது."

"எனக்கு?"

"உங்களை யாரும் ஆராய்ச்சி பண்ணலையே. டெஸ்ட் எடுத்தாத் தெரியும்."

கொசு வந்தது, குத்தியது, பறந்தது. சில நாள் கழித்துப் போய்க் கேட்டால், தலையைச் சொறிந்துகொண்டு நின்றது. "சாம்பிள் செரிச்சுப் போச்சு சார். வழியில கொஞ்சம் பசி." மறுபடியும் குத்தியது.

அன்று சாயங்காலம் ஏகாம்பரம் வாழைப்பழத்தைத் தள்ளிவைத்தார். "மாத்திரையை நிறுத்தப்போறேன்."

"எதுக்கு?"

"ஆம்பளையா இருக்கணும்ல?"

"முதல்ல உசுரோட இருங்க" என்றாள் செண்பகவல்லி. "சேத்துத் தண்ணியை வடிகட்டிக் குடிச்சுக்கலாம். நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சா உங்களை யாரு தூக்குறது? கிரேன் இந்தப் பக்கம் வராது. வாயைத் திறங்க."

திறந்தார். பழம் உள்ளே போனது. கூடவே அவள் கோயில் விளக்குக்கு வைத்திருந்த இலுப்பை எண்ணெயைக் கொண்டுவந்து, அவர் கன்னங்களில் தாராளமாகத் தடவினாள். மறுநாள் தை பிறந்தது.

மடுக்கரையில் காடே கூடியிருந்தது. ஏகாம்பரம் கன்னத்தில் பளபளவென்று வழிய, காதை விரித்துக்கொண்டு இறங்கினார். "வந்துட்டாரு! மதம் பிடிச்சிருக்கு!" என்று சற்குணம் அலறினான். முயல், மான், குரங்கு எல்லாம் விழுந்தடித்து மேட்டுக்கு ஓடின. மடுக்கரை காலியாயிற்று. எதிர்க்கரையிலிருந்து மாசிலாமணி வந்தான். அவன் கன்னத்திலும் வழிந்தது.

நிஜமாகவே மதம் பிடித்தவன் எதிரே வருகிறான், நம்மிடம் இருப்பதோ விளக்கெரிக்கிற எண்ணெய். போயிற்று, இன்றோடு கதை முடிந்தது என்று ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். முட்டு விழவில்லை. மூக்கில் ஒரு வாசனைதான் விழுந்தது. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"தம்பி, தேங்காயெண்ணெய் வாசனை வருதே?"

மாசிலாமணி சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவாப் பேசுங்க பெரியப்பா. உங்ககிட்ட இலுப்பை எண்ணெய் அடிக்குது."

ஏகாம்பரம் ஒரு அடி கிட்டே வந்தார்.

"மாத்திரையா?" என்றார்.

"ஆமா. பத்து எம்ஜி. எங்க வம்சத்துக்கே கொலஸ்ட்ரால். உங்களுக்கு?"

"இருபது."

மாசிலாமணி மரியாதையாகத் தலை தாழ்த்தினான். பிறகு இரண்டு பேரும் மேட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி அடித்தொண்டையில் பிளிறினார்கள், ஒரு காய்ந்த மரத்தைக் கூட்டாகச் சாய்த்தார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே, காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று மடுவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நிஜமாக மதம் பிடித்த எந்த யானையும் இவ்வளவு நிதானமாகப் பேச்சுவார்த்தை நடத்தியிருக்காது. "சண்டை சமம்! இப்படி ஒரு ஆக்ரோஷம் பார்த்ததே இல்லை!" என்று சற்குணம் நேரலை கொடுத்தான். செண்பகவல்லி குட்டிகளோடு மடுவில் இறங்கித் தெளிந்த தண்ணீரை வயிறு நிறையக் குடித்தாள்.

அடுத்த வாரம் டெஸ்ட் முடிவோடு டாக்டர் தானே பறந்து வந்தார்.

"நல்ல செய்தி! உங்க ஹார்மோன் கொஞ்சங்கூடக் குறையலை. மாத்திரை மேல பழியே இல்லை. இந்த வருஷம் மழை தள்ளிப்போன மாதிரி இதுவும் தள்ளிப்போயிருக்கு, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு மூணு நாள்ல அசல் மதமே வந்துடும்!"

ஏகாம்பரத்தின் முகம் வெளுத்தது. கீழே மடுவில் மாசிலாமணியின் குட்டிகளும் அவருடைய குட்டிகளும் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. நாளை மறுநாள் இவருக்குக் கண் மண் தெரியாமல் போகும். முதல் முட்டு மாசிலாமணிக்குத்தான். அப்புறம் எங்கே பங்கு, எங்கே மடு? அவர் டாக்டரின் பக்கம் குனிந்து, செண்பகவல்லிக்குக் கேட்காமல் குசுகுசுத்தார்.

"டாக்டர், இந்த ஹார்மோனைக் குறைக்கிறதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?"

நீதி: உள்ளே ஊறுகிற ஆண்மை சண்டையை இழுத்துவிடும்; வெளியே தடவுகிற ஆண்மைதான் குடும்பத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும். ஆகவே எண்ணெயையும் நிறுத்தாதே, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையையும் நிறுத்தாதே.