மேனேஜர் ஊர் திரும்புகிறார்

கூண்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு லேபிள் அண்ணன் கெஞ்சிக்கொண்டிருந்தார். மேனேஜர் கூண்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பிறகு இரண்டுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

"உள்ள போடா ராஜா. ஊருக்குப் போறோம்டா."

மேனேஜர் கொட்டாவி விட்டது.

மேனேஜர் என்பது நாய். பகல் முழுக்கத் தூங்குவது, யார் வந்தாலும் உறுமுவது, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பது ஆகிய தகுதிகளைப் பார்த்து லேபிள் அண்ணனின் மனைவி வைத்த பெயர். லேபிள் அண்ணன் என்பது மனிதர். வெளிநாட்டுச் சரக்குக் கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டி, எடை போட்டு, லேபிள் ஒட்டி அனுப்புகிற பிரிவில் மேற்பார்வையாளர். கண்ணாடிச் சாமானிலிருந்து பியானோ வரை ஒரு கீறல் விழாமல் கடல் தாண்ட வைத்த கை அது. அந்தக் கைக்கு ஒரு நாய் அடங்க மாட்டேன் என்றது.

மனைவியும் மகளும் போன வருடமே ஊருக்குப் போய்விட்டார்கள். பாப்பாவின் படிப்பு அங்கேயே நடக்கட்டும் என்றாள் மனைவி. மேனேஜருக்கு அப்போது காதில் சீழ், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அது மட்டும் இவரோடு தங்கியது. புறப்படும்போது மனைவி வாசலில் மண்டியிட்டு நாயைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு இவரிடம், "காதுக்கு மருந்து விட மறந்துடாதீங்க" என்றாள். தனக்காகவும் சேர்த்துத்தான் அழுதிருக்கிறாள், நாலு பேர் பார்க்கிற இடத்தில் புருஷனைக் கட்டிக்கொள்ள வெட்கம் என்று லேபிள் அண்ணன் முடிவு செய்தார்.

கல்யாண ஆல்பத்தை அவள் அலமாரியிலேயே விட்டுப் போயிருந்தாள். அதைத் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். பெட்டியின் எடை கூடிவிடும் என்று யோசித்திருக்கிறாள், கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெளுத்த சதுரங்கள். இத்தனை வருடமும் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடங்கே கதி என்று கிடந்த மனிதருக்கு, வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை என்பது முதல் முறையாக வலித்தது. சாயங்காலங்களில் நாயோடு பேசினார். கிடங்கில் யார் யாரை முறைத்தார், எந்தப் பெட்டி உடைந்தது, முழங்கால் எப்படிக் குத்துகிறது, எல்லாம். மேனேஜர் தாடையை அவர் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு கேட்கும். வீட்டுக்குப் போக வேண்டும், எல்லாரோடும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மனைவி தினமும் போன் செய்தாள்.

"காது எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. எனக்குத்தான் முழங்கால் வலி உயிர் போகுது."

"சீழ் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. மாடி ஏறவே முடியல."

"அவனை மாடி ஏற விடாதீங்க. பாப்பா அவனை நினைச்சு அழறா. எப்படியாவது அனுப்பி வைங்க."

விசாரித்தபோது பயண ஏஜெண்ட் உதட்டைப் பிதுக்கினார். "நாயைத் தனியா அனுப்ப முடியாது சார். நிரந்தரமா ஊர் திரும்புற ஒருத்தர் கூடத்தான் போகலாம். அதான் சட்டம்."

லேபிள் அண்ணனுக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. அடடா! அவளுக்கு இந்தச் சட்டம் தெரியாமலா இருக்கும்? நேரடியாக 'வாங்க' என்று கூப்பிடக் கூச்சம். நாயைச் சாக்கு வைத்துக் கூப்பிடுகிறாள்!

உடனே போன் போட்டார். "நாய் வரணும்னா நான் வேலையை விட்டுட்டு மூட்டை கட்டிட்டு வரணுமாம்."



"வேற வழியே இல்லையா?"

"இல்லையாம்."

"உங்க இஷ்டம்."

அவளிடமிருந்து இவ்வளவு இனிமையான சொல்லை அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றைக்கே வேலையை ராஜினாமா செய்தார்.

கிடங்கில் வழியனுப்பு விழா நடந்தது. கடைசி மூலையில் யாரும் கேட்டு வராத பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். புதிதாக வருகிற ஆட்களை அங்கே நிறுத்தித்தான் லேபிள் அண்ணன் பாடம் நடத்துவார். "பாத்துக்கோங்க. எல்லாத்துலயும் விலாசம் சரியாத்தான் இருக்கு. வாங்கிக்கிற ஆளுக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்காம அனுப்பினா இப்படித்தான் அநாதையா நிக்கும்." அன்றும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கேக் வெட்டினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தம்பி மட்டும், "அண்ணே, அண்ணி வரச் சொன்னாங்களா?" என்று கேட்டான். "பின்னே? தினமும் போன் பண்றாப்பா" என்றார்.

இனி நாய் கூண்டுக்குள் போவது ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றில்தான் சனி வந்து உட்கார்ந்தது.

மனைவியின் வாசனை இருந்தால் போகும் என்று, அவள் விட்டுப்போன பழைய புடவையைக் கூண்டுக்குள் விரித்தார். மேனேஜர் தலையை மட்டும் உள்ளே நீட்டி அதை வெளியே இழுத்தது. கிழித்தது. அதில் ஒரு பகுதியை விழுங்கவும் செய்தது.

"அவன் வயித்துக்குள்ள என்னங்க போச்சு?" மனைவி போனில் அலறினாள்.

"முந்தானை."

"ஐயோ, என் பிள்ளை!"

டாக்டர் மருந்து கொடுத்து முந்தானையை வெளியேற்றினார். டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. உடம்பு தேற நன்றாகச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார் டாக்டர். லேபிள் அண்ணன் சொன்னதைச் செய்கிற மனிதர். வேகவைத்த கோழியும் முட்டையுமாக ஊட்டினார். மேனேஜர் தேறியது. தேறி, பருத்து, விமானக் கம்பெனி சொன்ன அளவில் வாங்கிய கூண்டுக்குள் இனி திரும்பக்கூட முடியாது என்கிற நிலைமைக்கு வந்தது. நாய் உள்ளே நின்று திரும்ப இடமில்லாத கூண்டை ஏற்ற மாட்டோம் என்றது கம்பெனி. டிக்கெட் மறுபடியும் தள்ளிப்போனது.

"பெட்டி அடிக்கிறவனே கூண்டைக் கடையில வாங்கினா, பாக்கிறவன் சிரிப்பான்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, கிடங்கிலிருந்து மரப்பலகையும் கம்பி வலையும் கொண்டு வந்து ஹாலிலேயே கூண்டு செய்தார். பட்டறை வேலை என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஓரமெல்லாம் இழைத்து, காற்றுக்குத் துளை போட்டு, வெளியில் தாழ்ப்பாள் பொருத்தி, 'இந்தப் பக்கம் மேலே' என்று லேபிளும் ஒட்டினார். கிடங்கின் கதவு லாரி நுழைகிற அகலம், வீட்டுக் கதவு அப்படியில்லை என்பது கடைசி ஆணியை அடித்த பிறகுதான் உறைத்தது.

அந்தக் கவலையைப் பிறகு படலாம், முதலில் இது உள்ளே போகிறதா பார்ப்போம் என்று கதவைத் திறந்தார். மேனேஜர் முதுகைக் காட்டியது.

கட்டில், மேஜை எல்லாம் விற்றாகிவிட்டது. வெளியே விடாத தூறல். வெறும் தரையில் உட்கார்ந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்த லேபிள் அண்ணனுக்கு அழுகை வந்தது. வேலை போய்விட்டது, வீடும் போகப் போகிறது. இந்தச் சனியன் மனம் வைத்தால்தான் தன் குடும்பம் தனக்குக் கிடைக்கும்.

"பயப்பட ஒண்ணும் இல்லடா. இங்க பாரு, அப்பா போறேன் பாரு."

தவழ்ந்து உள்ளே போனார். முழங்கால் சுரீர் என்றது. முட்டியை மடக்கி உட்கார்ந்து, "பாத்தியா? சொகுசா இருக்கு" என்று சிரித்தும் காட்டினார். மேனேஜர் துள்ளி எழுந்து முன்னங்கால்களைக் கதவின் மேல் வைத்தது. கதவு சாத்திக்கொண்டது. அவரே எண்ணெய் போட்டு வழவழப்பாக்கிய தாழ்ப்பாள் தானாகவே விழுந்தது.

போன் வெளியே தரையில் கிடந்தது. அது அடித்தது. மனைவிதான். மேனேஜர் போனை முகர்ந்து பார்த்துவிட்டு வந்து கூண்டை நகத்தால் பிறாண்டியது, ஊளையிட்டது.

அப்போதுதான் வீட்டு ஓனரம்மா தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு, புதிதாகக் குடிவரப் பார்க்கும் தம்பதியோடு உள்ளே வந்தார்.

"இதுதான் ஹால். நல்ல வெளிச்சம் வரும்..." ஓனரம்மாவின் வாய் அப்படியே நின்றது.

"இவரும் வீட்டோட சேர்த்தியா?" என்று கேட்டார் வந்தவரின் மனைவி.

"ஒரு சின்ன ஒத்திகை மேடம்" என்றார் லேபிள் அண்ணன் கம்பி வலைக்குள்ளிருந்து. "கொஞ்சம் அந்தத் தாழ்ப்பாளை..."

ஓனரம்மா தாழ்ப்பாளைத் தூக்கியதுதான் தாமதம், மேனேஜர் அவரை இடித்துத் தள்ளிவிட்டுக் கூண்டுக்குள் பாய்ந்தது. லேபிள் அண்ணனின் மடியில் ஏறி, அவருடைய கிடங்குச் சட்டையில் மூக்கைப் புதைத்து, பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"ரெண்டு பேரும் நாளைக்குள்ள காலி பண்ணிடணும்" என்றார் ஓனரம்மா, தரையிலிருந்து எழுந்தபடி.

ஃபோர்க்லிஃப்ட் தம்பி வந்து வீட்டுக் கதவை நிலையோடு பெயர்த்துக் கூண்டை வெளியே எடுத்தான். ஓனரம்மா அட்வான்ஸைத் திருப்பித் தருவதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் அதோடு தீர்ந்தது. அழுக்குப் போகத் துவைக்காத அந்தக் கிடங்குச் சட்டையை உள்ளே விரித்ததும் மேனேஜர் ஒரு சத்தமும் இல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டது. பெண்டாட்டி புடவையைக் கிழித்த கழுதை என் சட்டையைத் தலைக்கு வைத்துக்கொள்கிறதே என்று லேபிள் அண்ணன் ஆச்சரியப்பட்டார்.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண், "உங்க நாயா சார்?" என்று கேட்டாள்.

"என் மனைவியோடது."

வலைக்குள்ளிருந்து மேனேஜர் அவருடைய விரலை நக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். "அப்படியா?" என்று மட்டும் சொன்னாள்.

ஏறுவதற்கு முன் மனைவிக்குப் போன் செய்தார். "கிளம்பிட்டோம்!"

"அவன் பயப்படாம இருக்கானா?"

"இருக்கான். நீ ஏர்போர்ட் வருவியா?"

"பாப்பாவுக்குப் பரீட்சை. வண்டி அனுப்பறேன். ஆள் வாசல்ல நிப்பாரு."

பயணம் முழுக்க அவருக்குத் தூக்கம் வரவில்லை. போனதும் என்ன பேசுவது என்று யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போக மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. கல்யாண ஆல்பத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். இறங்கும்போது அது தோளை இழுத்தது. அந்தக் கனமும் அவருக்குப் பிடித்திருந்தது.

வாசலில் வேன் டிரைவர் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாப்பாவின் குண்டு குண்டான கையெழுத்தில் அதில் 'மேனேஜர்' என்று எழுதியிருந்தது. லேபிள் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பழைய குறும்பு போகவில்லை இந்த வீட்டுப் பெண்களுக்கு!

வேனின் பின்பக்கம் புதுக் கம்பளம், தண்ணீர்க் கிண்ணம், மேலே பாப்பா வரைந்து ஒட்டிய ஒரு படம். படத்தில் பாப்பா, அம்மா, நடுவில் மேனேஜர். தாள் சின்னதாகப் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். டிரைவரும் அவருமாகக் கூண்டைத் தூக்கி வைத்தார்கள். தெரிந்த குரல் கேட்டு மேனேஜர் வாலால் பலகையைத் தட்டியது.

"இன்னும் கொஞ்ச நேரம்தான்டா. வீட்டுக்கு வந்துட்டோம்."

பின்கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் வந்தார். கைப்பையை இருக்கையில் வைத்து, வலிக்கிற முழங்காலைக் கையால் தூக்கிப் படியில் ஊன்றினார்.

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு ஓடி வந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க... அம்மா மேனேஜரை மட்டும்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."