பாயிண்ட் நைன் நைன்

"இதென்னங்க ஞானாபரணம், மீட்டரு பாயிண்ட் எய்ட் டூன்னு காட்டுது?"

ஆஸ்பத்திரி நிர்வாகி விமலாராணி மின் அறைக்கே இறங்கி வந்துவிட்டார் என்றால் விஷயம் சாதாரணமில்லை. எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் ஞானாபரணம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். விமலாராணி உட்காரவில்லை.

"ரிலே போயிருச்சுங்க மேடம். புதுசு வரப் பத்து நாளாகும்னு கடைக்காரர் சொல்லிப்போட்டாரு."

"அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளிக் கம்பெனி இன்ஜினியர் வாராரு. பவர் ஃபேக்டர் சரியில்லீன்னா மெயின்டனன்ஸை அவங்களுக்கே குடுத்தரலாம்னு சேர்மன் சொல்லிட்டாரு. அப்புறம் சனிக்கிழமையிலிருந்து நீங்க வர வேண்டியதில்லீங்க."

எங்கள் ஊரில் வேலையை விட்டுத் தூக்குவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். ஞானாபரணத்துக்கு ரிடையராக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. மகள் ஜோவிதா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

பவர் ஃபேக்டர் என்பது ஒன்றும் பெரிய மந்திரமில்லை. நூறு சீட்டுக்கு பஸ் பிடித்துவிட்டு எண்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனால் அது பாயிண்ட் எய்ட் டூ. மிச்சம் பதினெட்டு சீட்டில் மோட்டார்கள் துண்டு போட்டு வைத்திருக்கும். அந்தத் துண்டை எடுக்கத்தான் கபாசிட்டர். எத்தனை கபாசிட்டர் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது ரிலேயின் வேலை. அளவு மீறிப் போனாலோ, கபாசிட்டரே துண்டு போட ஆரம்பித்துவிடும். எண் மறுபடியும் இறங்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஞானாபரணம் ரிலேயைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து கபாசிட்டரையும் ஒரே சுவிட்சில் கட்டினார். மீட்டர் பாயிண்ட் நைன் எய்ட் காட்டியது. நேராக விமலாராணியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாலு மணிக்கு ஓ.பி. முடிந்து ஏ.சி.யெல்லாம் நின்றது. மோட்டார் குறைய, கபாசிட்டர் மிஞ்ச, எண் மளமளவென்று பாயிண்ட் எய்ட் ஃபோருக்கு வந்துவிட்டது. சுவிட்சை அணைத்தால் பத்தும் போய்ப் பழைய கதை. அணைக்காவிட்டால் இந்தக் கதை.

"மோட்டார் வேணும், அவ்வளவுதானே" என்று தண்ணீர் பம்பைப் போட்டார். எண் ஏறியது. அரை மணியில் மொட்டை மாடித் தொட்டி நிறைந்து வழிந்து, பிசியோதெரபி படிக்கட்டில் அருவி கொட்டியது. வாக்கர் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் ஊர் கோபியிலும் மழையா என்று வீட்டுக்கு போன் போட்டார். பம்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

புதன்கிழமை மதியம் கேன்டீன் ராசாத்தாளைப் பார்க்கப் போனார். கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் அவர்தான். பெரிய கிரைண்டர் ஆறு வைத்திருந்தார்.

"அம்மணி, தினமும் நாலு மணிக்கு ஆறு கிரைண்டரையும் ஓட்டோணும்."

"ஏனுங்ண்ணா, வெறுங்கல்லை ஓட்டினா தேஞ்சு போயிருமுங்களே."

"அப்ப எதையாச்சும் போட்டு ஓட்டுங்க."

"உளுந்து போட்டா வடைதான் சுடோணும். அத்தனை வடையை யாரு திங்கறதுங்க?"

"ஸ்டாஃபுக்குச் சும்மா குடுங்க. உளுந்து எம்பட செலவு."

அஞ்சரைக்குச் சூடான வடை, அதுவும் காசில்லாமல் என்ற செய்தி மூன்று மாடிக்கும் லிஃப்ட்டை விட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. நாலு மணிக்குக் கிரைண்டர்கள் ஓடின. ஞானாபரணம் மீட்டர் முன்னால் நின்று ஜெபம் பண்ணினார். பாயிண்ட் நைன் நைன். அஞ்சரை வரைக்கும் அசையவில்லை. லாண்டரி டெய்சி முதல் ஆளாக வந்து தன் ஆட்களுக்கும் சேர்த்து ஒரு தட்டு நிறைய வாங்கிப் போனாள்.

வியாழக்கிழமையும் பாயிண்ட் நைன் நைன். ஆனால் வடை மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை வார்டு பக்கம் அனுப்பினார்கள். முந்தின நாள் ஸ்டென்ட் வைத்திருந்த ஒரு பெரியவர் ஐந்து வடையைச் சாப்பிட்டுவிட்டு, சட்னி கேட்டு மணி அடித்தார். டயட்டீஷியன் நேராக விமலாராணி அறைக்குள் போனார்.

வெள்ளிக்கிழமை மதியமே உத்தரவு வந்தது.

"இனி இந்த ஆஸ்பத்திரியில யாருக்கும் வடை கூடாதுங்க, ஞானாபரணம்."

"வடை வேண்டாங்க மேடம். கிரைண்டர் ஓடினாப் போதும்." அவருக்குக் கவலையே இல்லை. தண்ணீர் ஊற்றி ஓட்டுவதாக ராசாத்தாளும் ஒத்துக்கொண்டார்.

சரியாக அஞ்சு மணிக்கு இன்ஜினியர் நிதீஷ் வந்தார். சின்ன வயசு, சாந்தமான முகம். கூடவே விமலாராணி. ஞானாபரணம் பெருமையாகக் கதவைத் திறந்தார். மீட்டர் பாயிண்ட் எய்ட் ஃபோர் காட்டியது.

அவர் ராசாத்தாளைக் கூப்பிட போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மணி, கிரைண்டர் ஓடுதுங்களா?"

"ஆறும் நாலு மணியிலிருந்து ஓடுதுங்ண்ணா. சத்தம் கேக்கலீங்களா?"

கேட்டது. எண்தான் அசையவில்லை.

நிதீஷ் பேனலில் 'கேன்டீன்' என்று எழுதியிருந்த சுவிட்சில் கருவியை வைத்துப் பார்த்தார். "சார், இந்த லைன்ல கரண்டே போகலீங்களே."

போனிலிருந்து ராசாத்தாள் சொன்னார்: "கேன்டீனைப் பின்னாடி ஷெட்டுக்கு மாத்துனப்பவே எம்பேர்ல தனி மீட்டர் வாங்கிப்போட்டனுங்களே. உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

ஞானாபரணம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷ வேலையும் ஜோவிதாவின் படிப்பும் கண் முன்னால் வந்து நின்றன. அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

"அப்ப ரெண்டு நாளா பாயிண்ட் நைன் நைன் எப்படிங்க வந்துச்சு?" என்றார் விமலாராணி.

ஞானாபரணம் ஸ்டூலில் இருந்தபடியே மீட்டரைத் தட்டிப் பார்த்தார். நிதீஷ் பேனலை மேலும் கீழும் பார்த்தார்.

அப்போது லாண்டரிச் சாவியை ஆணியில் மாட்ட, தோளில் பையோடு டெய்சி உள்ளே வந்தாள். "இன்னிக்கு என்னம்மா இத்தனை சீக்கிரம்?" என்றார் ஞானாபரணம்.

"ரெண்டு நாளா வடை வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேண்டாம்னு எட்டு வாஷிங் மிஷினையும் ஓட்டிட்டு இருந்தோமுங்ண்ணா, இன்னிக்கு வடை இல்லீன்னாங்க, அதான் நாலு மணிக்கே எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு, துணியை மடிச்சு வெச்சுட்டு ஊட்டுக்குக் கெளம்பிட்டோம்."