மாப்பிள்ளை ஊட்டிய சர்க்கரைக்கட்டி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மைத்துனன் பணிவோடு எழுதுவது. இங்கே நான், என் மனைவி, குதிரைகள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் பல் ஆஸ்பத்திரியிலும் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஊரார் பல்லெல்லாம் சொத்தையாகட்டும் என்று வேண்டிக்கொள்ள மனம் கூசுகிறது; ஆனாலும் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. விடுமுறைக்கு வந்திருந்தபோது, நம் குதிரையேற்றப் பள்ளியின் வெள்ளைக் குதிரை மகாராணிக்குத் தினமும் உள்ளங்கையில் சர்க்கரைக்கட்டி வைத்து ஊட்டினீர்கள். குழந்தை மிட்டாய் தின்றால் அதன் தகப்பனை நிற்கவைத்துத் திட்டுகிற டாக்டர் நீங்கள்! "கையால ஊட்டாதீங்க மாப்பிள்ளை, தொட்டியில போடுங்க" என்றேன். "பாசத்தைத் தொட்டியில போட முடியுமா மச்சான்?" என்று கேட்டீர்கள். தங்கை கண் கலங்கினாள். வீட்டு மாப்பிள்ளையாச்சே, வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே மகாராணி வசூலில் இறங்கிவிட்டாள். லாயத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் சட்டைப்பையில் மூக்கு, அப்புறம் கால்சட்டைப்பை, ஒன்றும் தேறாவிட்டால் ஒரு கடி. லாடம் அடிக்க வந்தவர் குனிந்ததுதான் தாமதம், பின்பையைத் துணியோடு பிய்த்தெடுத்துவிட்டாள். பாவம் மனுஷன், வாளியைப் பின்னால் பிடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த கிழட்டுக் குதிரை சும்மா இருக்குமா? அதுவும் கதவை உதைத்து மாமூல் கேட்க ஆரம்பித்தது.

இதோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மாணவிகளை வாராவாரம் அனுப்பலாமா என்று பார்க்க, அவர்களைப் பஸ்ஸிலேயே உட்காரவைத்துவிட்டு ஒரு தலைமையாசிரியை இறங்கி வந்தார். அந்த வகுப்பு கிடைக்காவிட்டால் லாயத்தை மூட வேண்டியதுதான். "ரொம்ப சாதுங்க, வாயே திறக்காது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், மகாராணி அந்த அம்மாளின் கைப்பைக்குள் கண் மறைகிறவரை தலையை விட்டு, இருமல் மிட்டாயைக் காகிதத்தோடு காலி செய்தாள். தீர்ந்ததும் தோளால் ஒரே தள்ளு. தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே அந்த அம்மாள், "இதுக்கு யாருங்க மரியாதை சொல்லிக் குடுத்தது?" என்றார். "எங்க மாப்பிள்ளைதாங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி முறைத்தாள், விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து கையால் ஒரு புல்கூடக் கொடுப்பதில்லை. மூக்கை நீட்டினால் பின்னுக்குத் தள்ளி நிறுத்துவோம். அடக்கமாக நின்றால்தான் தொட்டியில் தீவனம் விழும். இப்போது யார் பையையும் அவள் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே மாப்பிள்ளை, அடுத்த விடுமுறைக்குத் தாராளமாக வாருங்கள். விருந்து உண்டு, மெத்தை உண்டு. லாயத்துப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள்!

தங்கைக்கு ஆசிகள், குழந்தைக்கு முத்தங்கள். உங்கள்மேல் வைத்த மரியாதையில் இம்மியும் குறையாத,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தலைமையாசிரியை ஃபோன் செய்தார். அவர் தொட்டியில் விழுந்ததைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த பிள்ளைகள், ஏறினால் அந்தக் குதிரையில்தான் ஏறுவோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். "வருஷம் முழுக்க அனுப்புறேன். ஆனா அது அதே மாதிரி பையில தேடணும். இல்லன்னா இதுங்க என்னைச் சும்மா விடாதுங்க" என்கிறார். பை நிறையச் சர்க்கரையோடு மகாராணி முன்னால் போய் நின்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வாருங்கள் மாப்பிள்ளை. வந்து கெடுத்துக் கொடுங்கள்.