சகலையின் கண்ணுக்குத் தப்பிய துப்பாக்கி

"இதைவிடச் சின்னதா இல்லையாக்கா?" என்று கேட்டான் மில்பர்ன் டாக்கெட்.

துப்பாக்கிக் கடை லூரீன் கண்ணாடிப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சின்னதை எடுத்தா சுடறப்போ கை வலிக்கும். பெருசை எடுத்தா சுமக்கறப்போ இடுப்பு வலிக்கும். உனக்கு எது வலிக்கணும், அதைச் சொல்லு."

"எனக்கு எதுவும் வலிக்க வேணாம். என் சகலைக்குத்தான் வலிக்கணும்."

"அடப்பாவி! ராய்ஸையா சுடப் போற?"

"ஐயையோ, சுடறதுக்கில்லக்கா! அவர் கண்ணுல படாம ஒரே ஒரு மத்தியானம் இடுப்புல வச்சிருக்கணும்."

விஷயம் ஒரு கத்தியைப் பற்றியது. மான்கொம்புப் பிடி போட்ட, விருந்து மேஜையில் சுட்ட வான்கோழியை வெட்டிப் பரிமாறும் மாமனாரின் கத்தி. கிழவர் உயிரோடு இருந்தபோது, "மில்பர்னுக்குத்தான் கை நிதானம், எனக்கப்புறம் அவன் வெட்டட்டும்" என்று சொல்லியிருந்தார். ஆனால் அவர் கண்ணை மூடிய வருஷமே, நன்றித் திருநாள் விருந்தில் மூத்த மருமகன் ராய்ஸ் எழுந்து கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டான். ஊர்ப் போலீஸான ஷெரிப் ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்துக் குரலை வளர்த்தவன். அவன் எடுத்ததை யார் கேட்பது? அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வான்கோழி நாய் பிராண்டின மாதிரிதான் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒருதரம் மில்பர்ன் அதைப் பற்றி லேசாக வாயைத் திறந்தான். "சோபா விக்கிறவனுக்குக் கத்தி எதுக்கு? மெத்தையைக் கிழிக்கவா?" என்றான் ராய்ஸ். அந்தச் சிரிப்பு மில்பர்னின் காதில் இன்னும் கேட்டது.

இந்த ஜூலையில் கொல்லைப்புறத்தில் கறி சுட்டுக்கொண்டிருந்தபோது ராய்ஸ் வழக்கம்போல் அளந்தான். "எவன் எங்க துப்பாக்கியை ஒளிச்சு வச்சாலும் இந்தக் கண்ணு சொல்லிடும். கையால தடவிப் பாக்கவே வேணாம்."

மில்பர்னின் நாக்கில் சனி உட்கார்ந்தது. "நன்றித் திருநாள் விருந்தன்னிக்கு நான் ஒளிச்சு வச்சா உங்களால கண்டுபிடிக்க முடியாது சகல."

"கண்டுபிடிச்சா?"

"சாகற வரைக்கும் கத்தியைப் பத்திப் பேச மாட்டேன். கண்டுபிடிக்கலேன்னா கத்தி எனக்கு."

ராய்ஸ் கையைக் குலுக்கினான். குடும்பமே சாட்சி. மில்பர்னிடம் ஒரு விளையாட்டுத் துப்பாக்கிகூட இல்லை என்பது அவன் மனைவி நீவாவுக்கு மட்டும்தான் தெரியும். "தோட்டா ஒண்ணுகூட இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. வெறும் துப்பாக்கி மட்டும்தான்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

லூரீன் பேச்சைக் கேட்டு முதலில் நடுவாந்தரமான ஒன்றை வாங்கினான். மில்பர்ன் ஒடிசலான ஆள். சட்டைக்கு மேல் அது புடைத்துக்கொண்டு நின்றது. பழகிக்கொள்வதற்காக அதைச் செருகியபடியே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனான். அங்கே ஒலீட்டா அம்மாள் ஊர் வழக்கப்படி அவனை இறுகக் கட்டிப் பிடித்தாள். சட்டென்று விலகி, அவன் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

"எத்தனை நாளா இருக்குப்பா இது?"

"எதும்மா?"

"மறைக்காத. என் புருஷனுக்கும் அதே எடத்துலதான் வந்துது."

அடுத்த பத்தாவது நிமிஷம் பாதிரியார் மேடையில் நின்று, சகோதரர் மில்பர்னின் இடுப்புக் கட்டி கரைய வேண்டுமென்று ஜெபித்தார். சபையே ஆமென் சொன்னது. அன்று சாயங்காலத்துக்குள் நோயாளி வீட்டுக்கு என்று ஏழு பாத்திரம் மக்ரோனி வந்து சேர்ந்தது.

"இதைத் தின்னு முடிக்கறதுக்குள்ள நிஜமாவே உங்களுக்குக் கட்டி வந்துடும்" என்றாள் நீவா.

மில்பர்ன் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கினான். கணுக்காலில் கட்டிக்கொள்ளும் உறையும் கூடவே வாங்கினான். இடுப்புச் சங்கதியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டான். நொண்டி நொண்டி நடந்தான். கட்டி காலுக்கு இறங்கிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

வேலைக்குப் போன இடத்தில்தான் வினை வந்தது. மில்பர்னின் பிழைப்பே சாய்வு சோபாவில் சாய்ந்து காட்டுவது. ஒரு வயதான தம்பதி எதிரே நின்றார்கள். "பாருங்க, இந்தப் பிடியை இழுத்தா போதும்" என்று இழுத்தான். சோபா பின்னால் சரிந்தது, காலணை மேலே எழும்பியது, பேண்ட் முழங்காலுக்கு ஏறியது. கணுக்கால் துப்பாக்கி அந்தக் கிழவரின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"என்ன சொல்றீங்க? எடுத்துக்கறீங்களா?" என்றான் மில்பர்ன், நடந்தது தெரியாமல்.

"எடுத்துக்கறோம்" என்றார் கிழவர். "ரெண்டா எடுத்துக்கறோம்."

மில்பர்ன் துப்பாக்கி முனையில் சோபா விற்கிறான் என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் ராய்ஸ் வரைக்கும் போய்விட்டது. "கணுக்கால்ல கட்டியிருக்கியாமே சகல?" என்று போனிலேயே சிரித்தான் ராய்ஸ்.

மில்பர்ன் கிட்டத்தட்ட அழுகிற நிலையில் லூரீனிடம் போய் நின்றான். அவளுக்கே மனசு கேட்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை எடுத்து வைத்தாள். பின்னிடுப்பில் செருகும் மெல்லிய உறை ஒன்று, அதன் மேல் தொளதொளவென்று வெளியே தொங்கவிட்ட ஒரு கட்டம் போட்ட சட்டை. கண்ணாடி முன்னால் அவனைச் சுற்றவிட்டுப் பார்த்தாள். துணியில் அச்சே விழவில்லை.

"இப்போ நல்லாக் கேட்டுக்கோ. குனியாத. எவளையும் கட்டிப் பிடிக்காத. முக்கியமா, இருக்கா இருக்கான்னு பின்னால கையை விட்டுத் தடவாத. தொட்டுத் தொட்டுப் பாக்கறவன்தான் மாட்டுவான்."

"செத்தாலும் தொட மாட்டேன்க்கா."

நன்றித் திருநாள் வந்தது. விருந்து மில்பர்ன் வீட்டில்தான். நீவாவின் சித்தப்பா தர்மன் வந்தார், மற்றவர்கள் வந்தார்கள். ராய்ஸின் வண்டியும் வந்து நின்றது. ஓட்டி வந்தது அவன் மனைவி பெர்னடீன். வண்டி ஓட்டுவதெல்லாம் தன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று ராய்ஸ் இப்போதெல்லாம் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவான். படியேறி வந்தவன் நீவாவைப் பார்த்து, "என்னம்மா ஒலீட்டா, சௌக்கியமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் அது தன் கேலிதான் என்பதுபோல் சிரித்துக்கொண்டான்.

மில்பர்ன் பாத்ரூமுக்கு ஓடினான். முகம் கழுவி, சட்டையைச் செருகி, சரிசெய்துகொண்டு, மூச்சை நன்றாக இழுத்து விட்டுவிட்டு, நிமிர்ந்த தலையோடு கூடத்துக்கு வந்தான்.

"எங்க, ஒரு சுத்து சுத்து" என்றான் ராய்ஸ், நாற்காலியில் சாய்ந்தபடி.

மில்பர்ன் சுற்றினான். அவசரமே படாமல், துணிக்கடைப் பொம்மை மாதிரி சுற்றினான். கூடம் கப்பென்று அடங்கிப்போனது. யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். தர்மன் சித்தப்பா "ஏ மில்…" என்று வாயைத் திறந்தார். பெர்னடீன் அந்த வாய்க்குள் ஒரு முழு ரொட்டியைத் திணித்தாள். "சாப்பிடுங்க சித்தப்பா, சூடா இருக்கு."

என்ன பாசம் இவர்களுக்கு என்று மில்பர்னின் நெஞ்சு விம்மியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அவன் கை பின்னால் போகத் துடித்தது. லூரீன் சொன்னது ஞாபகம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டான்.

ராய்ஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அகல விரித்துப் பார்த்தான். "திரும்பு… நில்லு… பின்னால ஒண்ணுமில்ல. கணுக்கால்! வலது கணுக்கால்!"

மில்பர்ன் பேண்டைத் தூக்கிக் காட்டினான். அங்கே வெறும் கால்தான் இருந்தது.

"அப்போ இடது!"

அங்கேயும் வெறும் கால்தான்.

"நெஞ்சுல… கக்கத்துல…" ராய்ஸின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. கடைசியில் எழுந்தான். மான்கொம்புப் பிடியைத் தடவினான், மேஜைமேல் நீட்டினான். "எடுத்துக்கோ சகல. என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தனைப் பாத்ததே இல்ல."

கூடம் கூரை அதிரக் கைதட்டியது. நீவா அவனைக் கட்டிக்கொண்டாள். மில்பர்ன் கத்தியை எடுத்தான். மாமனார் சொன்ன நிதானம் அந்தக் கையில் வந்து உட்கார்ந்தது. நெஞ்சுக்கறி வெற்றிலை கனத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, தோல் கலையாமல் விழுந்தது. ரொட்டியை மென்று முடித்த தர்மன் சித்தப்பா தன் தட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கறின்னா இப்படித்தான் இருக்கும்னே மறந்துபோச்சுடா!" ராய்ஸ்கூட ரெண்டாம் தரம் தட்டை நீட்டினான். மில்பர்னுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்த ஊரில் அன்று அவனைவிட உயரமான மனிதன் கிடையாது.

பெர்னடீன் தட்டோடு அவன் பக்கத்தில் வந்து, காதோரம் குனிந்தாள்.

"தம்பி, வெட்டி முடிச்சதும் சட்டையைக் கொஞ்சம் கீழ இழுத்து விட்டுக்கோங்க. பாத்ரூம்லேர்ந்து வர்றப்பவே சட்டையைத் துப்பாக்கிக்கு உள்பக்கமாச் செருகிட்டீங்க, துப்பாக்கி முழுசா வெளிய நிக்குது. கண்ணு மங்கிப்போன எங்க வீட்டுக்காரர் ஒருத்தரைத் தவிர எல்லாரும் பாத்தாச்சு. இத்தனை வருஷமா பிஞ்ச கறி தின்னவங்க, எவன் வாயைத் திறப்பான்?"