விண்சுரங்கம்: முதல் பாகமே மேல்

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு சபதம் செய்தேன். வானமே இடிந்து விழுந்தாலும் 'விண்சுரங்கம்' இரண்டாம் பாகத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை.

கூடத்து அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி இருக்கிறது. கல்யாணமான புதிதில் வாங்கியது. அதில் நாங்கள் ஆடிய ஒரே விளையாட்டு 'விண்சுரங்கம்' முதல் பாகம். இப்போது என் மனைவிக்கு அந்தத் தட்டு வேண்டும். மேல்வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு அந்தப் பெட்டி வேண்டும். பிரித்துப் பார்க்க ஆசையாம். சாயங்காலம் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

"அது நம்ம இளமை!" என்றேன்.

"இளமை மேல தூசி ஒரு விரல் கனத்துக்கு இருக்கு. அதான் புதுப் பெட்டி வந்தாச்சு, ரெண்டாம் பாகமும் வந்தாச்சே."

"முதல் பாகம் மாதிரி வருமா?"

"சரி, பந்தயம். ரெண்டாவதை ஆடிப் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் முதல் பாகந்தான் மேல்னு நின்னீங்கன்னா, பெட்டி இங்கயே இருக்கும். ரெண்டாவதுதான் மேல்னு உங்க வாயால வந்துட்டா, மாடிக்குப் போயிடும்."

ஆடப்போவதும் நான். தீர்ப்புச் சொல்லப்போவதும் நான். இந்தப் பந்தயத்தில் தோற்க வேண்டுமானால் ஒருவன் வடிகட்டின முட்டாளாக இருக்க வேண்டும்.

"ஒத்துக்கறேன்."

"அப்படியே சுவர்க் கடிகாரத்துக்கு ரெண்டு பேட்டரி வாங்கிட்டு வாங்க. அது நின்னு போய் எவ்வளவு நாளாச்சு!"

"நாளைக்கு."

நான் அகராதி அலுவலகத்தில் பிழை திருத்துபவன். அரைப்புள்ளி இடம் மாறினால்கூட எனக்குத் தூக்கம் வராது. என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவளுடைய பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. மாணவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தானேதான் ஓட்டுகிறோம் என்று வியர்த்துக்கொண்டிருப்பார். "அந்த நம்பிக்கை அவங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்பாள்.

முதல் பாகத்தின் அருமை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. அதில் கப்பல் என்பது கடுகளவு முக்கோணம். பாறைகள் என்பவை சதுரங்கள். மீதியை நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். இரண்டு பேர் இருந்தால்தான் ஆடலாம். ஒருவர் கப்பலை ஓட்டுவார். மற்றவர் ஒரு பொத்தானை விடாமல் அழுத்தி உள்ளே காற்று அடிப்பார். வாடகை வீட்டில் ஒற்றைப் பாயில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்போம். ஜாய்ஸ்டிக் வயர் இரண்டும் மேசைக்குப் பின்னால் போய்ச் சிக்கிக் கிடக்கும். ஓட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காற்று அவள் துறை. எல்லாப் பொத்தானையும் மாறி மாறிச் சளைக்காமல் அழுத்துவது என் பாணி. எங்கள் கப்பலில் ஒருநாளும் காற்று குறைந்ததில்லை. அதற்காக அவளை எத்தனையோ முறை மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அந்தக் கப்பலுக்கு ஒரு கண்ணியம் இருந்தது. பொத்தானை அழுத்தினால் உடனே துள்ளாது. சற்று யோசித்துத் திரும்பும். நான் அவசரத்தில் இடப்பக்கம் அழுத்திவிட்டால், அங்கே பாறை இருப்பதைப் பார்த்து வலப்பக்கம் போகும். அந்தக் காலத்திலேயே எப்பேர்ப்பட்ட மூளையை அதற்குள் வைத்திருக்கிறார்கள்!

காலையில் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினேன். வயர் இல்லாத ஜாய்ஸ்டிக். எட்டுத் திக்கிலும் நட்சத்திரம். காற்று தானாகவே நிரம்பிக்கொள்கிறது. விரும்பினால் இன்னொருவரும் ஒரு ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு கூடவே ஓட்டலாமாம். இடப்பக்கம் அழுத்தினேன். கப்பல் அந்தக் கணமே இடப்பக்கம் பாய்ந்து பாறையில் மோதிச் சுக்குநூறானது. மறுபடி ஓட்டினேன். மறுபடி சுக்குநூறு.

"பாத்தியா? சொந்த புத்தியே இல்லாத கப்பல். நான் சொல்றதை அப்படியே கேட்குது!"

"உங்க பேச்சைக் கேட்டா வேற எப்படி ஆகும்?"

"காத்துகூடத் தானா வருது. பாவம், உனக்கு இதுல வேலையே இல்ல. முதல் பாகந்தான் மேல்."

"சாப்பிட்டுட்டு இன்னொரு தடவை பாருங்க. நானும் சும்மா ஒண்ணைக் கையில வச்சுக்கறேன். உங்களுக்குத் துணையா இருக்கும்."

சாப்பாட்டுக்குப் பிறகு அதிசயம் நடந்தது. கப்பல் யோசித்தது! நான் கன்னாபின்னாவென்று அழுத்தினேன். அது நிதானமாக வளைந்தது. நான் பாறையைப் பார்த்துப் போகச் சொன்னேன். அது பெரிய மனது பண்ணி ஒதுங்கிப் போனது. பழைய கண்ணியம், பழைய மூளை! பக்கத்தில் அவள் தோள் உரசியது. அந்த ஒற்றைப் பாயிலேயே மறுபடி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கடைசிச் சுரங்கத்தையும் தாண்டிக் கப்பல் வீடு திரும்பியபோது துள்ளி எழுந்தேன்.

"அடேயப்பா! முதல் பாகமெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்குமா? இதுதான் மேல்!"

அவள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, "மணி நாலரை. அவர் அஞ்சு மணிக்கு வர்றதாச் சொன்னார்" என்றாள்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

என் கையில் இருந்த ஜாய்ஸ்டிக் திடீரென்று இலேசாகத் தெரிந்தது. பின்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு பள்ளம். பேட்டரி இல்லை.

"ஏமாத்து வேலை! அப்போ ஓட்டினது..."

"நான்தான்."

"தீர்ப்பு செல்லாது! நானே ஓட்டி ஜெயிச்சது முதல் பாகம். அதனால அதுதான் மேல். பெட்டி இங்கதான் இருக்கும்!"

அவள் என்னைப் பார்த்த பார்வையை முன்பே பார்த்திருக்கிறேன். கார் தானாக நின்றுவிட்டது என்று நினைக்கும் மாணவரை அப்படித்தான் பார்ப்பாள்.

"மேசைக்குப் பின்னாடி வயரைச் சொருகினது யாரு?"

"நீ."

"மூணே ஆட்டம் உங்களை ஓட்ட விட்டேன். மூணுலயும் செத்தோம். உங்க முகம் வாடிப் போச்சு. கல்யாணம் ஆகி ஒரு மாசம்கூட ஆகலை, எனக்கும் மனசு கேக்கலை. ரெண்டு வயரையும் மாத்திச் சொருகிட்டேன்."

"அப்போ அத்தனை வருஷமா நான் என்னதான் பண்ணிட்டிருந்தேன்?"

"காத்து அடிச்சீங்க. சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதிரி யாராலயும் அடிக்க முடியாது."

கதவு தட்டும் சத்தம். எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். அவள் ஒரு துணியை எடுத்துப் பழைய பெட்டியின் தூசியைத் துடைத்தாள். ஓரத்தைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாசலைப் பார்த்து, "குடுக்கறதா இல்லைங்க, தப்பா நினைக்காதீங்க" என்றாள்.

பெட்டி மேல்தட்டிலேயே இருக்கிறது. தட்டு வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்ததல்லவா? அதற்காகக் கீழ்த்தட்டு காலியானது. என் அகராதிகள் கட்டிலுக்கு அடியில் குடிபோயின. ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து இரண்டாம் பாகம் ஆடுகிறோம். ஆனாலும் முதல் பாகமே மேல் என்பதுதான் என் இறுதித் தீர்ப்பு.

இரண்டாவதில் காற்று தானாக வந்துவிடுகிறது.